மறுப்பிலிருந்து பொறுப்புக்கு: ஆலப்புழையின் நகர மீட்சியும் குடிமை அமைப்புகளும்

முன்னுரை

திடக்கழிவு மேலாண்மையில் முன்மாதிரியாக விளங்கும் ஐந்து நகரங்களை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2017-இல் எடுத்துக்காட்டியது. ஜப்பானின் ஒசாகா, சுலோவீனியாவின் லுப்லியானா, மலேசியாவின் பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா ஆகியவற்றோடு கேரளத்தின் ஆலப்புழையும் அதில் இடம்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.74 லட்சம் பேர் வாழும் நகராட்சி அது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 2012-இல், அதே நகரின் தெருமுனைகளில் அள்ளுவாரின்றிக் குப்பை அழுகிக் கிடந்தது.

இந்த மாற்றத்துக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, தொழில்நுட்பம்: வார்டுதோறும் வைக்கப்பட்ட உரத்தொட்டிகளும் வீடுகளுக்கு வழங்கப்பட்ட சிறு உயிர்வாயுக் கலன்களும். இரண்டாவது, தலைமை: அப்போது ஆலப்புழையின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் முன்னின்று நடத்திய ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ இயக்கம். இரண்டுக்கும் இதில் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே தொட்டியை வாங்கிய வேறு ஊர்களில் அது கேட்பாரற்றுக் கிடப்பதையும், வல்லமை மிக்க தலைவர்கள் இருந்தும் குப்பைமேடு வளர்ந்த நகரங்களையும் இவ்விளக்கங்களால் புரிந்துகொள்ள முடியாது.

ஆலப்புழையின் மீட்சி, பக்கத்து ஊரார் காட்டிய மறுப்பால் தொடங்கியது; வேறொரு நோக்கத்துக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே கட்டப்பட்டிருந்த அண்டை வீட்டார் அமைப்பால் வேரூன்றியது; அந்த அமைப்பின் கை எட்டாத இடத்தில் தடைப்பட்டு நின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். குடிமைப் பங்கேற்பை மக்களின் நல்லெண்ணமாக மட்டும் பார்க்கும் பார்வை இம்மூன்றையும் தவறவிடுகிறது.

துறைமுகம் தேய்ந்தது, அமைப்பு நிலைத்தது

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய துறைமுக நகரம் ஆலப்புழை. வேம்பநாட்டுக் காயலிலிருந்து கடற்கரை நோக்கி வெட்டப்பட்ட வாடைக் கால்வாயும் வணிகக் கால்வாயும் அதன் உயிர்நாடிகள். மலைநாட்டு மிளகும் ஏலமும் கொப்பரையும் இவ்வழியே வள்ளங்களில் வந்து கப்பலேறின. 1859-இல் ஜேம்ஸ் டாரா நிறுவிய தொழிற்சாலையோடு கயிற்றுப் பாய் நெசவு பெருந்தொழிலாக வளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் நவீனத் துறைமுகம் எழுந்ததும் ஆலப்புழையின் கப்பல் வணிகம் தேய்ந்தது. கயிற்றுத் தொழில் கிராமங்களுக்கும் சிறு பட்டறைகளுக்கும் சிதறியது. கால்வாய்கள் சரக்கை இழந்து சாக்கடையாயின.

பொருளாதாரம் சரிந்தாலும் அந்தத் தொழில் விட்டுச் சென்ற அமைப்பு மரபு சரியவில்லை. 1922-இல் வாடப்புறம் பி. கே. பாவா தலைமையில் கயிற்றுத் தொழிலாளர்கள் திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். 1938-இன் பொது வேலைநிறுத்தம் கூலிக் கோரிக்கையோடு பொறுப்பாட்சிக் கோரிக்கையையும் எழுப்பியது. திருவிதாங்கூர் அரசுக்கு எதிரான 1946-இன் புன்னப்புரை-வயலார் எழுச்சி இந்த மண்ணில்தான் நிகழ்ந்தது.

ராபர்ட் புட்னம் 1993-இல் வெளியிட்ட இத்தாலி பற்றிய ஆய்வு, நல்லாட்சியின் வேரைப் பாடகர் குழுக்களிலும் விளையாட்டுச் சங்கங்களிலும் விளைந்த பரஸ்பர நம்பிக்கையில் தேடியது. கேரளத் தொழிலாளர்களை ஆராய்ந்த பேட்ரிக் ஹெல்லர் 1996-இல் இதற்கு மாறான ஒரு வழியைக் காட்டினார்: வர்க்கப் போராட்டமும் அரசின் தலையீடும் சேர்ந்தும் இத்தகைய நம்பிக்கையை, அதாவது சமூக மூலதனத்தை, உண்டாக்க முடியும். ஆலப்புழை ஹெல்லரின் பக்கமே நிற்கிறது. இங்கே கூடிச் செயல்படும் பழக்கம் சண்டையின் வழியாகவே வந்தது. அந்தப் பழக்கம்தான் அடுத்து வந்த குப்பைப் பூசலிலும் வெளிப்பட்டது.

சர்வோதயபுரத்தின் மறுப்பு

நகரின் குப்பை நெடுங்காலம் நகரில் தங்கியதில்லை. நாளொன்றுக்கு 50 டன்னுக்கு மேல் திரண்ட கழிவு, வடக்கே மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியிலுள்ள சர்வோதயபுரத்துக்கு லாரிகளில் சென்றது. அங்கிருந்த உரத் தயாரிப்பு ஏற்பாடு, பிரிக்கப்படாத குப்பையின் அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. நாற்றமும் ஈயும் கழிவுநீர்க் கசிவும் அவ்வூராரின் அன்றாடமாயின. மனுக்களும் போராட்டங்களும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. 2012-இல் அவர்கள் லாரிகளை மறித்தனர்.

ஊராட்சி மக்களின் இந்த மறியலை நகர மீட்சிக் கதைகள் ஒரு ‘நெருக்கடி’ என்று ஒற்றை வரியில் கடக்கின்றன. மறியல் நடந்திராவிட்டால் நகராட்சிக்கு மாறவேண்டிய தேவையே எழுந்திருக்காது. குப்பையை வெளியூருக்கு அனுப்புவது, அதை உண்டாக்குபவரையும் அனுபவிப்பவரையும் இரு வேறு ஆட்சி எல்லைகளில் நிறுத்துகிறது. நாற்றத்தைச் சகிப்பவருக்கு நகர்மன்றத் தேர்தலில் வாக்கில்லை. வாக்குள்ளவருக்கோ நாற்றம் எட்டுவதில்லை. இப்பிளவைச் சர்வோதயபுரத்தார் லாரிகளை மறித்துச் சரிசெய்தனர். ஆகவே ஆலப்புழையின் குடிமைப் பங்கேற்பைக் கணக்கிடுவோர், நகரத்துக்கு வெளியே நின்று ‘இனி இங்கே கொட்டாதே’ என்றவர்களையும் பங்கேற்றவர்களாகச் சேர்க்க வேண்டும்.

மறுப்பே மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது என்பதற்குக் கேரளத்தின் பிற நகரங்களும் சான்று தருகின்றன. திருவனந்தபுரத்தின் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலை மக்கள் 2011 இறுதியில் ஆலையை மூட வைத்தனர். தலைநகரும் பின்னர் பரவலான உரத்தொட்டி முறைக்கே வந்தது. கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு தொடர்ந்து இயங்கியது. 2023 மார்ச் 2 அன்று அங்கே பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்து நகரையே மூச்சுத்திணற வைத்தது. கொட்ட இடம் இருக்கும்வரை குப்பையைப் பிரிக்கும் பழக்கம் நகரத்தில் வேர்விடுவதில்லை.

முன்பே இருந்த அமைப்பு

மறுப்பு, நகரத்தைக் குப்பையோடு நேருக்கு நேர் நிறுத்தியது. அதைக் கையாளும் ஆற்றலோ வேறிடத்திலிருந்து வந்தது. கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில், சில அடி தோண்டினாலே நீர் ஊறும் மண்ணில் அமைந்த ஆலப்புழைக்கு மாற்றுக் கிடங்கு தேடவும் வழி குறைவு. வீட்டிலேயே பிரித்து, வீட்டிலோ தெருவிலோ மட்கச் செய்வதே எஞ்சிய வழி. இதை ஒவ்வொரு அடுக்களைக்கும் கொண்டுசேர்ப்பது யார்?

1990-களின் தொடக்கத்தில் யூனிசெஃப் உதவியோடு ஆலப்புழை நகரில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. அதிலிருந்து 1993-இல் சமுதாய வளர்ச்சிச் சங்கம் என்ற மூன்றடுக்கு அமைப்பு பிறந்தது. அடித்தளத்தில் அண்டை வீட்டுப் பெண்களின் அயல்கூட்டம், வார்டு அளவில் அவற்றின் கூட்டமைப்பு, நகர அளவில் சங்கம். ஒவ்வோர் அயல்கூட்டமும் ஐந்து தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் ஒருவர் உடல்நலத்துக்கும் மற்றொருவர் அடிப்படை வசதிகளுக்கும் பொறுப்பு. ஏழைக் குடும்பத்தை அடையாளம் காணும் வேலையும் அவர்களிடமே இருந்தது. வருமானத்தைக் கேட்டால் சரியான விடை வராது என்பதால் ஒன்பது கேள்விகளை வைத்துக்கொண்டனர். கழிப்பறை உண்டா, நல்ல குடிநீர் கிடைக்கிறதா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் உண்டா என்பன போன்றவை அவை. நான்கு குறைகள் இருந்தால் அது ஏழைக் குடும்பம். 1998-இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் நகர்ப்புற வேர்களுள் முதன்மையானது இந்த ஆலப்புழைப் பரிசோதனை.

2012-இல் 12 வார்டுகளில் தொடங்கிய இயக்கம் பின்னர் நகரெங்கும் பரவியபோது, புதிதாக ஆள் திரட்ட வேண்டியிருக்கவில்லை. வீடுவீடாகச் சென்று கேள்வி கேட்டுப் பழகியவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தனர். எந்த வீட்டில் கொல்லைப்புறம் உண்டு, எந்த வீட்டுக்குத் தெருத்தொட்டியே கதி என்பது அவர்களுக்குத் தெரியும்.

குடும்பஸ்ரீ அப்போது கேரளம் முழுவதும் இருந்ததே, ஆலப்புழையில் மட்டும் என்ன தனிச்சிறப்பு என்ற வினா நியாயமானது. அமைப்பின் வயதும், நகரின் அளவும், மாற்று இடமின்மையும் இங்கே ஒருசேர அமைந்தன. அப்போது 52 வார்டுகள் கொண்டிருந்த நகராட்சியில், ஒரு வார்டின் வெற்றியை அடுத்த வார்டுக்காரர் நடந்துபோய்ப் பார்த்துவிட முடியும். பெருநகரில் அது செய்தியாக மட்டுமே வந்து சேரும்.

தொட்டியருகே நிகழ்வது

வார்டுதோறும் வைக்கப்பட்ட, ‘தும்பூர்முழி முறை’ எனப்படும் காற்றோட்ட உரத்தொட்டி, திருச்சூர் மாவட்டத்திலுள்ள தும்பூர்முழி கால்நடைப் பண்ணையில் பிரான்சிஸ் சேவியர் என்ற அறிவியலாளர் உருவாக்கியது. ஏறத்தாழ நான்கடி நீள, அகல, உயரம்; காற்று புகுவதற்காக இடைவெளி விட்ட பலகைச் சுவர்கள். அடியில் சாணக் கரைசல், அதன்மேல் சருகு, அதன்மேல் சமையலறைக் கழிவு, மீண்டும் சாணமும் சருகும் என்று அடுக்கிக்கொண்டே வருவார்கள். நுண்ணுயிர்கள் வேலை தொடங்கியதும் உள்ளே வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். காற்று தடையின்றிப் புகுவதால் நாற்றம் எழாது. சுமார் 90 நாளில் உரம் கிடைக்கும்.

இதில் பொறியியல் நுட்பம் குறைவு, சமூக நுட்பம் மிகுதி. வாளியோடு வருபவரும் அதை வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நெகிழி கலந்தால் தொட்டி கெடும் என்பதால் வாங்குபவர் வாளியைப் பார்க்காமல் வாங்க முடியாது. சருகு கிடைக்காத வாரத்தில் அடுக்கு தவறும். அடுக்கு தவறினால் நாற்றம் முதலில் எட்டுவது பக்கத்து வீட்டை. ஆகவே தவறைக் கண்டுபிடிக்கத் தனிக் கண்காணிப்பாளர் வேண்டியதில்லை. குடிமக்களும் அரசும் சேர்ந்து ஒரு பொதுச் சேவையை உண்டாக்குவதை எலினார் ஆஸ்ட்ரம் ‘இணை உற்பத்தி’ என்ற கருத்தால் விளக்கினார். இருவர் தரும் உள்ளீடும் ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியாதவையாக இருக்கும்போதே அது பயன் தரும். வீட்டுக்காரர் பிரிக்காவிட்டால் நகராட்சியால் எவ்வளவு செலவிட்டும் நல்ல உரம் செய்ய முடியாது. நகராட்சி தொட்டிக்கும் ஆளுக்கும் பணம் தராவிட்டால், பிரித்த குப்பை மறுபடி தெருவுக்கே வரும்.

எட்டாத கால்வாய்

இந்த அமைப்பின் எல்லையைக் கால்வாய்கள் காட்டுகின்றன. திடக்கழிவில் இவ்வளவு சாதித்த நகரத்தில் வாடைக் கால்வாயும் வணிகக் கால்வாயும் ஆகாயத்தாமரை மூடிக் கறுத்தே கிடந்தன. 2017-இல் ஐஐடி பம்பாயும் உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலாவும் ‘கனால்பி’ என்ற முயற்சியைத் தொடங்கின. மாணவர்கள் கால்வாய்க் கரைகளில் நடந்து, எந்தக் குழாய் எங்கே வந்து விழுகிறது என்று வீடு வீடாகப் பதிவு செய்தனர். சாத்தநாடு குடியிருப்பில் பரவலாக்கப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் மேற்கொள்ளப்பட்டது.

அயல்கூட்டத்தால் இயன்றது கால்வாயில் ஏன் இயலவில்லை? அழுக்குநீரை வாளியில் பிரித்துக் கொண்டுவர முடியாது. மணற்பாங்கான மண்ணில் கழிப்பறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடி நீரோடு கலக்கிறது. கால்வாயோ பல வார்டுகளைக் கடந்து ஓடுகிறது. மேல்கரை வார்டின் அலட்சியத்தைக் கீழ்கரை வார்டு திருத்த முடியாது. நகராட்சி, நீர்ப்பாசனத் துறை, சுற்றுலாத் துறை எனப் பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. குப்பையில் ஒரு வீட்டின் செயலுக்கும் விளைவுக்கும் இடையே சில அடித் தொலைவே உண்டு. நீரில் அந்தத் தொலைவு நீள்கிறது. அதை நிரப்பக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் நிலையான நிதியும் வேண்டும். அவை அரசின் கடமை. மக்களின் ஆர்வத்தைக் காரணம் காட்டி அக்கடமையைத் தள்ளிப்போடுவது பங்கேற்பைச் சுரண்டுவதாகும்.

யாருடைய உழைப்பு?

சுரண்டல் என்ற சொல் இன்னோர் இடத்துக்கும் பொருந்தும். அயல்கூட்டம் பெண்களுடையது. வீட்டில் குப்பையைப் பிரிக்கும் வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. மக்காத குப்பையை வீடுதோறும் வாங்கிச் செல்லும் ஹரித கர்ம சேனையினரும் பெண்களே. ‘மக்கள் பங்கேற்பு’ என்று அறிக்கைகள் போற்றுவதன் உள்ளே பெண்களின் ஊதியமற்ற அல்லது குறைந்த ஊதிய உழைப்பு அடங்கியிருக்கிறது. வீடுகள் தரும் மாதக் கட்டணத்தை நம்பி வாழும் ஒருவர், கட்டணம் தர மறுக்கும் வீட்டின் வாசலில் தன் கூலிக்காகத் தானே வாதாட வேண்டியிருக்கிறது. கூலிக்காகவும் கண்ணியத்துக்காகவும் சங்கம் கட்டிய நகரம், தன்னைத் தூய்மையாக்கிய பெண்களுக்கு அவற்றையே மறுப்பது தன் வரலாற்றுக்கே எதிரானது. தூய்மைக்கான விருதுகள் இந்த உழைப்பின் விலையையும் அளவுகோலாக்க வேண்டும்.

முடிவுரை

சிறு நகரங்களுக்கு ஆலப்புழை தரும் பாடம் உரத்தொட்டியின் வரைபடத்தில் அடங்காது. அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு, மூன்று லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகராட்சிப் பகுதிகளுக்கே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்குகிறது. அதனினும் சிறிய நகரங்கள் மாநிலச் சட்டத்தையும் உள்ளூர் அமைப்புகளையும் நம்பி நிற்கின்றன. அத்தகைய நகரம் ஒன்று மீட்சித் திட்டம் தீட்டும்போது, தொட்டிகளை எண்ணுவதற்கு முன் தெருவில் ஏற்கெனவே கூடிப் பேசும் அமைப்பு எது என்று தேட வேண்டும். இல்லையென்றால் அதைக் கட்டுவதற்கே முதல் சில ஆண்டுகளைச் செலவிட வேண்டும். ஆலப்புழையில் ஊட்டச்சத்துக்காக 1993-இல் போட்ட அடித்தளம் குப்பைக்காக 2012-இல் பயன்பட்டது. ஒரு திட்டம் முடிந்ததும் அதன் குழுக்களைக் கலைத்துவிடும் நிர்வாக வழக்கம் இத்தகைய பயனை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

ஆய்வாளர்களுக்கும் இதில் வேலையுண்டு. குடிமைப் பங்கேற்பைக் கூட்டங்களின் எண்ணிக்கையாலும் தன்னார்வலர்களின் வருகைப் பதிவாலும் அளப்பது போதாது. நகரத்தின் சுமையை ஏற்க மறுத்த அயலூரின் குரலையும், வீட்டுக்குள் நடக்கும் உழைப்பின் பங்கீட்டையும், மக்கள் தம் பங்கைச் செய்தபின் அரசு தன் பங்கைச் செய்ததா என்பதையும் அந்த அளவையில் சேர்க்க வேண்டும். ஆலப்புழை மக்கள் தம் பங்கைத் தம் வாசலில் செய்து காட்டினர். கால்வாய் நீர் தெளிவது அரசு தன் பங்கைச் செய்வதைப் பொறுத்தது.