தொண்டு செய்யும் கைக்கும் கொஞ்சம் எண்ணெய்



போன தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி. மண்டபத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தோம். பல வருஷமாக எங்களோடு மாலை கட்டும் பாட்டி ஒருவர் திடீரென்று நூலைக் கீழே வைத்துவிட்டார். “விரல் மடங்க மாட்டேங்குதுய்யா” என்றார். பக்கத்திலேயே இருந்தும் எங்களில் ஒருவரும் அதுவரை கவனிக்கவில்லை. மடப்பள்ளி அக்காதான் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, அவர் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார்.

அந்த அக்கா செய்தது மிகப் பழைய வைத்தியம். ஆயுர்வேதத்தில் இதற்கு அப்யங்கம் என்று பெயர். சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானத்தின் 5ஆம் அத்தியாயம் அன்றாடப் பழக்கங்களைச் சொல்லும்போது இதையும் சொல்கிறது. எண்ணெய் பட்ட குடம், தோல், வண்டி அச்சு எப்படி உழைப்பைத் தாங்குமோ, அப்படித்தான் உடம்பும் என்கிறது. எண்ணெய் தேய்த்துப் பழகிய உடம்பு, கடுமையான வேலை செய்தாலும் அவ்வளவாகப் பாதிக்கப்படாதாம்.

பிறகு வந்த வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். களைப்பும் வாதமும் போகும் என்கிறார். அஜீரணம் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். தலை, காது, பாதம் மூன்றையும் விசேஷமாகக் கவனிக்கச் சொன்னவர், அந்த இடத்தில் கையைத் தனியாகச் சொல்லவில்லை. தேய்த்துவிடுவதே கைதானே, அதை யார் நினைப்பார்கள்!

நம் சித்த மருத்துவத்திலும் தொக்கணம் உண்டு. பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று மொத்தம் ஒன்பது வகை. தீபாவளிக்கு நாம் எடுக்கும் எண்ணெய்க் குளியலும் இந்த வழக்கத்தோடு சேர்ந்ததுதான்.

வீட்டில் செய்வது சுலபம். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரல்களை நீளவாக்கில் உருவி, மூட்டுகளில் வட்டமாகத் தேயுங்கள். மணிக்கட்டையும் விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெந்நீரில் பயத்தமாவு போட்டுக் கழுவுங்கள். வீக்கம், மரத்துப்போதல், விரல் மடங்காமல் இருப்பது தொடர்ந்தால் எண்ணெயோடு நின்றுவிடாமல் டாக்டரைப் பாருங்கள். பாட்டியையும் நாங்கள் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். கைக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் டாக்டரும் சொன்னார்.

எண்ணெய் மட்டும் போதாது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அத்தனை மாலையையும் நாலைந்து வயதான கைகளே கட்டிவந்திருக்கின்றன. சாமி கழுத்தில் மாலையைப் பார்த்துக் கும்பிட்டோம், கட்டிய கையைப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் பூக்கட்டும் இடத்தில் ஒரு கிண்ணம் எண்ணெயும் வெந்நீரும் துண்டும் இருக்கும். மணிக்கொரு முறை ஆள் மாற்றிக்கொள்ளப் போகிறோம். அதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும். கட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டி சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் வாங்க.

வேலும் மயிலும் துணை.