சார்புத் தீர்வு (மென்பொருள்)

சார்புத் தீர்வு என்பது, ஒரு மென்பொருள் தொகுப்பை உருவாக்கும்போதோ நிறுவும்போதோ அதற்குத் தேவையான பிற தொகுப்புகளையும் அவற்றின் பொருந்தும் பதிப்புகளையும் கருவியே தேர்ந்தெடுக்கும் முறை. எதிர்பாராத தொகுப்பு வந்து சேர்ந்தால் பழி கருவியின் மேல் விழுகிறது; அதுவோ பெரும்பாலும் தனக்கிட்ட விதியைத்தான் பின்பற்றியிருக்கும். பைதான் மொழியின் பிப் கருவி, கூடுதல் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்தால் அதற்கு முன்னுரிமை தராது; எல்லாவற்றிலும் தேடி, பொருந்துவனவற்றில் உயர்ந்த பதிப்பை எடுக்கும். எடுத்துக்காட்டாக, 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நிரலகத்தின் லினக்ஸ் அன்றாடப் பதிப்பை பிப் வழியே நிறுவியோருக்குப் அதன் சார்புத் தொகுப்பான ‘டார்ச்ட்ரைட்டன்’ போலியாக வந்தது. பைதான் தொகுப்புகளுக்கான பைபிஐ பொதுக்களஞ்சியத்தில் யாரோ அதே பெயரில் போலியை ஏற்றியிருந்தனர். பதிப்பு எண்ணைப் பூட்டினால் போதாதா எனலாம். எண் மூலத்தைக் கட்டுப்படுத்தாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அடையாள எண்ணான ஹாஷைச் சரிபார்ப்பதுதான் வேற்றுக் கோப்பைத் தடுக்கும். எனவே பிழை தேடுவோர் பதிப்பு எண்ணுக்கும் முன்பாக, நிறுவல் பதிவில் கோப்பு இறங்கிய முகவரியைப் பார்ப்பதே முறை.