நுரை அடங்கிய பிறகு: பழைய ஷாம்பெயினின் கதை

2010-ம் ஆண்டு ஜூலை மாதம். பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்து தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலை முக்குளிப்பவர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். அதற்குள் பாட்டில்கள் கிடந்தன. எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து எண்ணிப் பார்த்தபோது 168 ஷாம்பெயின் பாட்டில்கள்! கடல்நீரில் கிடந்ததால் லேபிள் எதுவும் மிஞ்சவில்லை. கார்க்கின் அடியில் இருந்த முத்திரைகளைப் பார்த்துத்தான் அவை வெவ் கிளிக்கோ, ஹைட்சிக், ஜுக்ளார் ஆகிய நிறுவனங்களின் தயாரிப்புகள் என்று தெரியவந்தது. கிட்டத்தட்ட 170 ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்த மது அது. அவற்றில் ஒரு வெவ் கிளிக்கோ பாட்டில் 2011-ல் நடந்த ஏலத்தில் 30,000 யூரோவுக்குப் போனது.

ஷாம்பெயின் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'டப்' என்று கார்க் பறப்பதும், நுரை பொங்கி வழிவதும்தான். ஆனால் வயதாக ஆக, அந்தக் குமிழிகள் குறைந்துகொண்டே போகும். அப்படியானால் நுரை அடங்கிப்போன ஒரு பாட்டிலில் என்ன இருக்கிறது? இது வெறும் பழம்பொருள் மோகம்தானா, அல்லது உண்மையிலேயே சுவை ஏதாவது உண்டா? விடை தெரிய ஷாம்பெயினின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

குறையாக இருந்த குமிழி

பாரீசுக்குக் கிழக்கே இருக்கும் ஷாம்பெயின் பகுதி குளிர் மிகுந்தது. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்காலம் வந்துவிடும். ஈஸ்ட் உறங்கிவிடும். வசந்த காலத்தில் சூடு ஏறியதும் அது விழித்துக்கொண்டு மிச்சச் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். தோசை மாவு புளிக்கும்போது உண்டாகும் அதே கரியமில வாயு இங்கேயும் உண்டாகும். மாவுப் பாத்திரத்தில் வாயு வெளியே போய்விடும். மூடிய பாட்டிலில் எங்கே போகும்? பாட்டிலே வெடித்துவிடும். நிலவறைகளில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து வெடிக்கும். அதனால் வேலையாட்கள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போவார்கள்.

ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற பாதிரியார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அது உண்மையல்ல. ஓவில்லே மடத்தில் 1668 முதல் 1715-ல் இறக்கும்வரை நிலவறைப் பொறுப்பாளராக இருந்த அவர் காலத்தில் குமிழி என்பது ஒரு குறை. அவர் அதைத் தவிர்க்கத்தான் பாடுபட்டார். அவர் அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே, 1662-ல், சர்க்கரை சேர்த்து ஒயினைப் பொங்க வைக்கும் இங்கிலாந்து வணிகர்களின் பழக்கத்தைப் பற்றி கிறிஸ்டோபர் மெரெட் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்துவிட்டார்.

விதவை செய்த வேலை

'வெவ்' என்றால் பிரெஞ்சு மொழியில் விதவை. 1805-ல் கணவரை இழந்தபோது பார்ப் நிக்கோல் கிளிக்கோவுக்கு வயது 27. நிறுவனத்தைத் தானே ஏற்று நடத்தினார். அப்போதைய பெரிய தலைவலி, பாட்டிலுக்குள் தங்கும் இறந்த ஈஸ்ட் வண்டல். பாட்டிலைத் திறந்து வடிகட்டினால் வாயு போய்விடும். வடிகட்டாவிட்டால் கலங்கிய மது. அவருடைய நிலவறையில் துளையிட்ட ஒரு மேசையில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். வண்டல் முழுவதும் கார்க்கின் பக்கம் வந்து சேர்ந்தது. கார்க்கைத் திறந்ததும் வாயுவே அதை வெளியே தள்ளிவிட்டது. 1810-களில் உருவான இந்த முறைதான் தெளிந்த ஷாம்பெயினைப் பெருமளவில் விற்க வழி செய்தது.

ஆனால் அந்தக் காலத்து ஷாம்பெயின் இன்றுள்ளது போன்றதல்ல. வண்டலை எடுத்தபின் சர்க்கரைப் பாகு ஊற்றி நிரப்புவார்கள். பால்டிக் பாட்டில்களைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்தது. இன்றைய 'ப்ரூட்' வகையில் 12 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது! குளிர்பானத்தைவிட இனிப்பான அந்த மதுவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து சுவை பார்க்க வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலேயர் கேட்ட புளிப்பு

மாற்றம் வந்தது இங்கிலாந்திலிருந்து. இனிப்பு மதுக்கள் அவர்களிடம் ஏற்கனவே நிறைய இருந்தன. சாப்பாட்டோடு குடிக்க இனிப்பில்லாத ஷாம்பெயின் வேண்டும் என்றார்கள். லூயிஸ் பொமெரி என்ற இன்னொரு விதவை, 1874-ம் ஆண்டு அறுவடையில் இனிப்பு மிகக் குறைந்த ஒரு ஷாம்பெயினைத் தயாரித்துப் பெரும்புகழ் பெற்றார்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சர்க்கரை குறைகளை மறைக்கும். அதை எடுத்துவிட்டால் திராட்சை நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், மதுவும் நிலவறையில் நன்றாக ஊறியிருக்க வேண்டும். எனவே எந்த வருடத்து அறுவடை என்பது முக்கியமாகிவிட்டது. பல வருடத்து மதுக்களைக் கலப்பதுதான் ஷாம்பெயினில் வழக்கம். நல்ல வருடங்களில் மட்டும் அந்த ஒரே அறுவடையை வைத்துத் தயாரித்து, பாட்டிலில் வருடத்தைப் போடுவார்கள். இதுதான் 'விண்டேஜ்'. இன்றைய விதிப்படி அது குறைந்தது 3 ஆண்டுகள் நிலவறையில் இருக்க வேண்டும். சாதாரண ஷாம்பெயினுக்கு 15 மாதங்கள் போதும்.

இறந்த ஈஸ்ட் தரும் உயிர்

பாட்டிலுக்குள் ஈஸ்ட் இறந்தபின் அதன் செல்கள் மெல்ல மெல்லச் சிதைந்து மதுவில் கரைகின்றன. மதுவை ஆக்சிஜனிலிருந்து காப்பதும் அந்த வண்டல்தான். சில ஆண்டுகளில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் போன்ற இளமை வாசனைகள் பின்வாங்கி, சுட்ட ரொட்டி, வறுத்த பருப்பு, தேன் போன்ற வாசனைகள் எழுகின்றன. வண்டலை எடுத்தபின் மது வேறு விதமாக முதிர்கிறது. நிறம் பொன்னாக மாறும், உலர்ந்த பழம், காளான் போன்ற வாசனைகள் வரும். கார்க் வழியாக வாயு கசிந்து, புதிதாக இருந்தபோது 5, 6 வளிமண்டல அழுத்தத்தில் சீறிய மது அமைதியாகிவிடும்.

லில்லி பொலின்ஜெர் 1960-களில் இதை வணிகமாக்கினார். 1952-ம் ஆண்டு மதுவைப் பல ஆண்டுகள் வண்டலோடேயே வைத்திருந்து, விற்கும் தறுவாயில்தான் வண்டலை எடுத்தார். 'அண்மையில் வண்டல் நீக்கியது' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கமான ஆர்.டி. என்ற பெயரில் அது இன்றும் விற்கிறது. முதுமையின் ஆழமும் இளமையின் துடிப்பும் ஒரே பாட்டிலில்!

குண்டுகளுக்கு நடுவே ஓர் அறுவடை

1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரைம்ஸ் நகருக்குள் நுழைந்து, மார்ன் போரில் தோற்றுப் பின்வாங்கியது. போகும்போது வெகுதூரம் போய்விடவில்லை. அருகிலிருந்த குன்றுகளிலிருந்து நகரின் மீது குண்டு வீசிக்கொண்டே இருந்தது. அதே நேரத்தில்தான் திராட்சை பழுத்திருந்தது. ஆண்கள் போர்முனையில். பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் தோட்டத்தில் இறங்கிப் பறித்தார்கள். பலியானவர்களில் குழந்தைகளும் உண்டு. நகர மக்கள் சுண்ணாம்புப் பாறையில் குடைந்த நிலவறைகளுக்குள் குடியேறினார்கள். அங்கேயே பள்ளிக்கூடங்களும் நடந்தன. 1914-ம் ஆண்டு ஷாம்பெயின் பின்னாளில் அந்த நூற்றாண்டின் சிறந்தவற்றில் ஒன்றாகப் பேசப்பட்டது. அதைப் பறித்தவர்களுக்கு அடுத்த வாரம் உயிரோடு இருப்போமா என்பதே நிச்சயமில்லை. இருந்தாலும் பல ஆண்டுகள் கழித்துக் குடிக்க வேண்டிய ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போனார்கள்.

கடல் சொன்ன பதில்

இப்போது பால்டிக் கடலுக்குத் திரும்பலாம். எல்லாப் பாட்டில்களும் பிழைக்கவில்லை. சிலவற்றில் கடல்நீர் புகுந்திருந்தது. பிழைத்தவற்றை முகர்ந்தபோது முதலில் ஈரமான முடி, பாலாடைக்கட்டி போன்ற நாற்றம்தான் வந்தது. கிளாஸில் சுழற்றிக் காற்றுப் பட்டதும் அது விலகி, புகை, மசாலா, தோல், அதன் பின்னே பூ, பழ வாசனைகள் என்று வெளிவந்தன. குமிழி பெரும்பாலும் போய்விட்டிருந்தது. சுவை இருந்தது.

அதைக் காப்பாற்றியது நிறுவனத்தின் பெயரோ ஏலத்தின் விலையோ அல்ல. இருட்டும், மாறாத குளிரும், யாரும் அசைக்காத அமைதியும்தான். அதே மது வெயில் படும் ஒரு மாளிகை அலமாரியில் இருந்திருந்தால் என்றோ கெட்டுப்போயிருக்கும். பழையது என்பதாலேயே எதுவும் உயர்ந்ததாகிவிடாது. நன்றாகச் செய்யப்பட்டு, நன்றாகக் காக்கப்பட்டால் மட்டுமே வயது சுவையாகிறது.

2014-ல் வெவ் கிளிக்கோ நிறுவனம் சில நூறு புதிய பாட்டில்களை அதே ஆலந்து கடலில் இறக்கி வைத்தது. சோதனைக் காலம் 40 ஆண்டுகள். இறக்கி வைத்தவர்களில் எத்தனை பேர் கடைசிப் பாட்டிலைச் சுவைக்க இருப்பார்கள் என்பது தெரியாது. 1914-ல் திராட்சை பறித்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. குமிழி கொண்டாட்டத்துக்கு. முதிர்ந்த ஷாம்பெயின், யாரோ ஒருவர் இன்னொருவருக்காகப் பொறுமையாகக் காத்து வைத்தது.