பதினெட்டு ஆண்டுத் தனிமை

தனித்தீவில் சிக்கியவர் என்றதும் ராபின்சன் குரூசோ நினைவுக்கு வருவார். அந்தக் கதாபாத்திரத்துக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் மாலுமி அலெக்சாண்டர் செல்கர்க் தீவில் இருந்தது நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும்தான். கையில் துப்பாக்கியும் கோடரியும் பைபிளும் வைத்திருந்தார். இவை எதுவும் இல்லாமல் 18 ஆண்டுகளைத் தனித்தீவில் கழித்த ஒரு பெண்ணும் இருந்தாள்.

கலிபோர்னியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சான் நிக்கோலஸ் தீவு. காற்று ஓயாத இடம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே மீனும் கடற்சிப்பியும் உண்டு வாழ்ந்த மக்களுக்கு வினையாக வந்தது கடல் நீர்நாயின் ரோமத்தோல். சீனச் சந்தையில் அதற்கு அவ்வளவு விலை. 1814 வாக்கில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி அலாஸ்காவிலிருந்து வேட்டைக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கியது. மோதல் மூண்டது, தீவுக்காரர்கள் பலர் கொல்லப்பட்டனர். 1835-இல் எஞ்சியிருந்த சிலரை ஏற்றிச்செல்ல ஒரு பாய்மரக் கப்பல் வந்தது. அது கிளம்பியபோது ஒருத்தி மட்டும் தீவிலேயே இருந்துவிட்டாள். விட்டுப்போன குழந்தைக்காகக் கப்பலிலிருந்து குதித்தாள் என்று பின்னால் ஒரு கதை பரவியது. நிஜம் அவளுக்குத்தான் தெரியும்.

லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த எழுத்தாளர் ஸ்காட் ஓடெல் பிடித்துக்கொண்டது இந்தக் கதையைத்தான். 'நீல டால்பின்களின் தீவு' என்ற அவருடைய சிறுவர் நாவல் 1960-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தான் வசித்த மலைப்பகுதியில் புகுந்து விலங்குகளைச் சுட்டுத்தள்ளிய வேட்டைக்காரர்கள் மீதிருந்த கோபமே எழுதத் தூண்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். நாயகியைப் பையனாக மாற்றுங்கள் என்று யோசனையும் வந்தது. நல்லவேளை, மனிதர் அசையவில்லை. 1961-இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் கிடைத்தது.

நாவலின் நாயகி கரானாவுக்குக் கதை தொடங்கும்போது வயது 12. தீவில் விடுபட்ட தம்பி ராமோவுக்காகக் கப்பலிலிருந்து கடலில் குதிக்கிறாள். அவனைக் காட்டு நாய்கள் கடித்துக் கொல்கின்றன. பெண்கள் ஆயுதம் செய்யக்கூடாது என்பது அவள் குலத்து வழக்கம். செய்தால் கேடு வரும் என்று நடுங்கிக்கொண்டே வில்லும் ஈட்டியும் செய்கிறாள். பழிவாங்கத் தேடிப்போன நாய்க்கூட்டத் தலைவனைக் கடைசியில் தானே காப்பாற்றி வளர்க்கிறாள். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

ஒரு குறையும் உண்டு. வேட்டைக்காரர்களான அலூட் இனத்தவர் இதில் ஏறக்குறைய முழு வில்லன்கள். டூடோக் என்ற அலூட் பெண் கரானாவுக்குத் தோழியாக வருவதால் கொஞ்சம் ஈடாகிறது. ஆனால், அந்த வேட்டைக்காரர்களையே ரஷ்யக் கம்பெனி கட்டாய வேலைக்குப் பிடித்துவந்தது என்ற கொடுமையைக் குழந்தை வாசகர் அறிய வழியில்லை.

நிஜக் கதைக்கு வருவோம். 1853-இல் ஜார்ஜ் நிடெவர் என்ற நீர்நாய் வேட்டைக்காரரின் குழு அவளைக் கண்டபோது அவள் நடுத்தர வயதுப் பெண். பறவைத் தோல்களை இறகோடு தைத்து உடுத்தியிருந்தாள். வந்தவர்களைக் கண்டு ஓடவில்லை; கிழங்கு சுட்டுக் கொடுத்து உபசரித்தாள். சாண்டா பார்பரா நகருக்கு அழைத்துவந்தார்கள். குதிரையைக் கண்டு வியந்தாள், பார்க்க வந்தவர்களுக்காக ஆடினாள், பாடினாள். அவள் பேச்சு மட்டும் யாருக்கும் புரியவில்லை. ஏழே வாரத்தில் வயிற்றுக்கடுப்பில் இறந்தாள். ஹுவானா மரியா என்று பாதிரியார்கள் பெயர் சூட்டிப் புதைத்தார்கள். தாய் தந்தை வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அவள் இனத்தார் அனைவரும் அதற்குள் இறந்துவிட்டார்கள் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். தேவாலயப் பதிவேடுகளை அண்மையில் புரட்டிய ஆய்வாளர்கள் வேறு சொல்கிறார்கள். கப்பலில் வந்த சிலர் லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்திருக்கிறார்கள். 1853-இல் ஒருவராவது உயிரோடு இருந்திருக்கக்கூடும். அதாவது, அவளோடு பேசத் தெரிந்த ஒருவர் 150 கிலோமீட்டர் தொலைவில் இருந்திருக்கலாம்.

சான் நிக்கோலஸ் இன்று அமெரிக்கக் கடற்படையின் வசம். அவள் தங்கியதாகக் கருதப்படும் குகையைக் கடற்படைத் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் 2012-இல் அடையாளம் கண்டார். மணலை வாரிக்கொண்டிருந்தபோதே பெச்சாங்கா பழங்குடியினர் அந்தத் தீவு மக்கள் எங்கள் முன்னோர் என்று உரிமை கோரினர். அகழாய்வு நிறுத்தப்பட்டது.