தேடுபொறிக்கு எழுதிய காலம்

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா என்னும் தேடுபொறி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்நாட்களில், ஒரு பக்கத்தின் யோக்கியதை அதில் காணப்படும் சொற்களைக் கொண்டே பெரும்பாலும் நிர்ணயிக்கப்பட்டு வந்தமையால், வாசகன் கண்ணில் படாதவாறு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவே ஒரே சொல்லை அடுக்கடுக்காக நிரப்பி வைக்கும் தந்திரம் எங்கும் பரவிற்று. பக்கத்தினுள் மறைவாக இருந்து, இயந்திரம் மட்டுமே படிக்கும் முக்கியச்சொற் பட்டியலில், விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களும் திணிக்கப்பட்டன. எழுத்துத் தொழிலுக்கு நேர்ந்த அவமானம் என்றே இதனை நான் கருதுகிறேன்.

1998இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைக் காட்டிலும், பிற பக்கங்கள் இணைப்புக் கொடுத்து அதற்கு அளிக்கும் சாட்சியமே பெரிதென்னும் தத்துவத்தின்மீது கூகுளை நிறுவினர். ஆயினும் அச்சாட்சியத்தையும் விலைக்கு வாங்கும் வியாபாரம் பின்னர்த் தலையெடுத்தது. முக்கியச்சொற் பட்டியலைத் தான் பொருட்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் அறிவித்தது.

கூகுளின் தரவரிசை முறையில் 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்னும் திருத்தமோ, மக்கள் தேடும் சொற்களைக் கணக்கெடுத்து அவற்றுக்காகவே சாரமற்ற கட்டுரைகளை அவசர அவசரமாகக் குவித்து வந்த தளங்களைக் கீழே தள்ளி, அமெரிக்காவில் ஏறத்தாழ 12 சதவீதத் தேடல்களின் முடிவுகளை மாற்றியமைத்தது. தளங்களின் தரத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கென்று அவ்வாண்டு மே மாதம் கூகுள் வெளியிட்ட வினாத்தொகுப்பில், அச்சுப் பத்திரிகையிலோ கலைக்களஞ்சியத்திலோ நூலிலோ அத்தளத்தின் கட்டுரை வெளிவரக்கூடியதுதானா என்பதும் ஒரு வினாவாக இருந்தது.