அலமாரி வந்த வழி

2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பேரூராட்சிகளுள் ஒன்று பீர்க்கன்கரணை. அங்கு எழும் அடுக்ககங்கள் பலவற்றில் இன்று உணவறைக்கென்றே தனியிடம் உண்டு. குடிபுகுவோர் முன் நிற்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, தட்டுமுட்டுகளை வைக்க எந்த மர அலமாரியை வாங்குவது என்பது. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் வரலாற்றையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே!

தரையில் அமர்ந்து இலையில் உண்ட காலத்தில் உணவறை அலமாரிக்குத் தேவையே எழவில்லை. உறியும் பரணும் பெட்டகமும் போதுமானவையாக இருந்தன. 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் பிற்பாடு மயிலைக் கடற்கரையிலும் குடியேறினர். அவர்தம் மொழியின் 'மேசா' நம் மேசையாயிற்று, 'அர்மாரியோ' அலமாரியாயிற்று, அதைப் பூட்டித் திறக்கும் 'ஷாவே' சாவியாயிற்று. பொருளும் பெயரும் ஒரே கப்பலில் வந்தன எனலாம். ஆனால் கொடுக்கல் ஒருவழிப்பட்டதன்று. நம் 'தேக்கு' அவர்கள் நாவில் 'தேக்கா'வாகி, ஆங்கிலத்தில் 'டீக்' என நிலைத்தது.

1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்கு வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், பர்மாத் தேக்கைக் கொணர்ந்து செட்டிநாட்டு வீடுகளை நிறைத்தனர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு அந்த வாழ்வைக் குலைத்தது. 2014இல் மியன்மர் அரசு உருட்டுமர ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பழைய பர்மாத் தேக்கின் மதிப்பு உயர்ந்ததற்கு இவையும் காரணங்கள்.

எனவே பழைய அலமாரி தேடுவோர் வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தைக்கோ காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கோ செல்கின்றனர். அங்கே மெருகில் மயங்க வேண்டா. இழுப்பறையை உருவி அடிப்பலகையைப் பாருங்கள். தேக்கின் வைரப்பகுதியில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் கரையான் எளிதில் அண்டாது. வெளிறிய புறமரத்துக்கு அவ்வலிமை இல்லை. நுண்துளைகளும் அவற்றினின்று உதிரும் மாவும் தென்பட்டால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள். கம்பிவலைக் கதவுடைய பழைய உணவுப்பெட்டியாயின், கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுத்த முன்னோர் வழக்கத்தையும் நினைவிற் கொள்ளலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய அலமாரிகள் பல, ஏதோ ஒரு வீடு இடிக்கப்பட்டதனால் சந்தைக்கு வந்தவை. அவற்றை வாங்குவது மரத்தைக் காக்கும். வீட்டின் கதையைக் காக்காது. ஆதலின் எவ்வூரிலிருந்து வந்தது, எத்தகைய வீட்டிலிருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை, வாங்கிய நாளோடு ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். புதிதாகச் செய்வித்தாலும் தச்சரின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். கல்லில் வெட்டினால்தான் சாசனமா என்ன?