விரைவு எவருக்காக?

பொரளைச் சந்தியில் ஒரு காலத்தில் மின்சார டிராம் வண்டிகள் ஓடின என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும், மற்றொன்று மருதானை வழியாகப் பொரளைக்கும் சென்றன. அவற்றை நடத்தியது பூஸ்டட் என்னும் வெள்ளையர் கம்பெனி. 1929ஆம் ஆண்டில் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மின்சாரத்தின் வரலாறும் தொழிற்சங்கத்தின் வரலாறும் இந்நகரில் அன்றே பிணைந்துவிட்டன.

அந்தப் பிணைப்பு இன்று புதியதொரு கேள்வியை எழுப்புகிறது. மின் திட்டங்களுக்கு விரைந்து அனுமதி வழங்குக என்று தொழிற்சங்கமே போராடும்போது, முற்போக்காளர் எங்கே நிற்பது?

தாமதம் கொடியது என்பதில் ஐயமில்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை மூலம் எடுத்துக்காட்டினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950ஆம் ஆண்டில்! இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். 1920களில் தொடங்கிய வேலையும் நடுவழியில் நிறுத்தப்பட்டது. இந்தத் தாமதத்திற்குக் காரணம் கிராமத்து மக்களின் எதிர்ப்பா? இல்லை, காலனி ஆட்சியின் அசட்டையும் உலகப் போருமே. ஒளி பிறந்த பின்னரும் அது எல்லோரையும் சேரவில்லை. லக்ஷபானவைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அந்த மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கனவே பறித்திருந்தது.

1969ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாடு, 1996ஆம் ஆண்டின் வறட்சியில் நீண்ட மின்வெட்டுக்கு ஆளாயிற்று. புதிய நிலையங்கள் உரிய காலத்தில் எழாதபோது, தனியாரிடமிருந்து எண்ணெய் மின்சாரத்தை உயர்ந்த விலைக்கு அவசரமாக வாங்க நேர்ந்தது. திட்டம் தாமதமானால் நட்டம் மக்களுக்கு. இலாபம் அவசரத்தை விற்பவனுக்கு. மின்சார சபைப் பொறியியலாளர் சங்கத்தின் வாதத்தில் உள்ள உண்மை இதுவே. 2017ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய நிலக்கரி நிலையங்களை நீக்கி மின்னுற்பத்தித் திட்டத்தை அங்கீகரித்தது. சபை வகுத்த மூலத்திட்டத்தையே ஏற்கக் கோரி, 2018ஆம் ஆண்டில் சங்கம் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஆணைக்குழுவும் இணங்கியது.

இனிச் சம்பூரைப் பார்ப்போம். திருகோணமலை மாவட்டத்தின் அந்தத் தமிழ்க் கிராமத்து மக்கள் 2006ஆம் ஆண்டின் போரில் துரத்தப்பட்டனர். அவர்கள் முகாம்களில் வாடிக்கொண்டிருக்கையில், அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. வயலுக்குரியவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. 2015ஆம் ஆண்டு முதலே மக்கள் மெல்லத் திரும்பினர். எதிர்ப்பும் வழக்கும் வலுத்த பின், 2016ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. கோப்பின் கணக்கில் இதுவும் ஒரு தாமதந்தான். சம்பூர் உழவனுக்கோ அது வாழ்வு.

அதே பொறியியலாளர் சங்கத்தை 2022ஆம் ஆண்டில் வேறொரு நிலையில் காண்கிறோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் நாடு இருளில் கிடந்தது. அந்த நெருக்கடியைக் காட்டி, போட்டி விலைமனு இன்றியே திட்டங்களை வழங்க இடந்தரும் சட்டத்திருத்தம் ஜூனில் கொண்டுவரப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க அதானி கம்பெனி காத்திருந்த நேரம் அது. சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆயினும் திருத்தம் 120 வாக்குகளால் நிறைவேறியது. மன்னார்த் திட்டம் நீதிமன்றம் வரை சென்றது. மின்சாரத்தின் விலையை மறுபரிசீலனை செய்ய முற்பட்ட புதிய அரசாங்கத்திடம், 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதானி கம்பெனி விலகிக்கொள்வதாக அறிவித்தது.

நேற்று விரைவு வேண்டும் என்ற சங்கம் இன்று விரைவை எதிர்ப்பது முரண்பாடா? அன்று, விரைவு என்பது ஒன்றல்ல என்பதையே இது காட்டுகிறது. அதிகாரியின் மேசையில் கோப்பு உறங்குவது ஒரு தாமதம். நிலத்துக்குரியவனும் கடலுக்குரியவனும் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது வேறொன்று. முன்னதை ஒழிக்கப் போராடும் சங்கத்தை நாம் ஆதரிக்க வேண்டும். பின்னதையும் சேர்த்து ஒழிக்கக் கேட்டால், அது தொழிலாளியின் குரலில் முதலாளி பேசுவதாகும்.

ஆனால் சங்கத்தின் பக்கமும் ஒரு குறை உண்டு. 2018ஆம் ஆண்டுக் கோரிக்கை, நிலக்கரிப் புகையின் அருகே வாழவேண்டியவர்களைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. நுரைச்சோலை மீனவனும் சம்பூர் உழவனும் லயத்துத் தொழிலாளியும் அமரும் மேசையில் பொறியியலாளரும் வந்து அமரட்டும். அங்கே எட்டப்படும் முடிவை விரைவாக நிறைவேற்றுக என்று கேட்கும் நாளில், அந்தக் குரலைத் தடுக்க எந்த அமைச்சராலும் இயலாது.